நாய் பூனை மேல் உயிரா? அதையே வேலையாக்கும் முன் கொஞ்சம் பேசலாம்

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கடைக்கு விடுமுறை. பின்னால் டிரையர் சத்தமும் இல்லை, குரைப்பும் இல்லை. அதனால் நிதானமாகப் பேச உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: கோயம்புத்தூரில் நாய், பூனைகளைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டிவிடும் குரூமிங் கடை வைத்திருக்கிறேன், கூடவே சின்ன அளவில் போர்டிங், அதாவது வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது அவற்றை வைத்துப் பார்த்துக்கொள்வது. எனக்கு வருகிற மெசேஜ்களில் அடிக்கடி வருவது ஒரே கேள்விதான். "அக்கா, எனக்கு நாய்னா உயிர். உங்களை மாதிரியே இந்த வேலைக்கு வரணும். என்ன பண்ணணும்?" கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஐடி வேலையை விட்டுவிட நினைப்பவர்கள் கேட்கிறார்கள், போன வாரம் பேரன் பேத்தி எடுத்த ஓர் அம்மாவும் கேட்டிருந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் கிட்டத்தட்ட எல்லோரும் அந்த ஆசையால் வந்தவர்கள்தான். அது இல்லாவிட்டால் முதல் மாதத்தைக்கூடத் தாண்ட முடியாது. ஆனால் உள்ளே வந்ததும் அந்த ஆசைக்கு வேறொரு பழக்கம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தூக்கிக் கொஞ்ச வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும் என்றுதான் நம் கை பரபரக்கும். எங்கள் கடையில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் சொல்லும் முதல் வேலை, தொடாமல் பாருங்கள் என்பதுதான்.

கதவைத் திறந்து ஒரு நாய் உள்ளே வருகிறது. வால் ஆடுகிறது. உடனே எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறது என்பார்கள். எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். உடம்பே சேர்ந்து வளைந்து நெளிந்தால் சரி. உடம்பு விறைத்து, வால் மட்டும் தூக்கிக்கொண்டு வேகமாக அடித்தால் அது வேறு கதை. சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்குகிறதா? தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா? தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா? இதெல்லாம் "எனக்குப் பயமாக இருக்கிறது, கிட்டே வராதே" என்று அது சொல்லும் முறை. உறுமலும் கடியும் கடைசியில்தான் வரும். கட்டிப்பிடிப்பதும் அப்படித்தான். நமக்கு அது அன்பு. கழுத்தைச் சுற்றிக் கை விழுந்தால் பல நாய்களுக்கு அது மாட்டிக்கொண்ட உணர்வு. குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, அதுவாக வந்து மோந்து பார்க்கும் வரை காத்திருக்கிறவர்தான் எனக்குப் பிடித்த வேலையாள்.

சரி, கை வைத்தபிறகு என்ன? நீள முடி உள்ள ஷிட்சு இன நாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப் பட்டை உரசும் இடத்தில் விரலை விட்டால் சிக்கு தட்டும். சிக்கோடு குளிப்பாட்டக் கூடாது, தண்ணீர் பட்டால் அது இன்னும் இறுகிவிடும். அதனால் முதலில் பிரஷ். அடித்தோல் இழுபடாமல் ஒரு கையால் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். ரொம்ப இறுகியிருந்தால் பிரிக்கிறேன் என்று வதைக்காமல் மெஷினால் எடுத்துவிடுவேன். அழகு போனாலும் முடி திரும்ப வளரும்.

நகம் இன்னொரு சோதனை. வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. துளித்துளியாக வெட்டி, வெட்டிய நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கறும்புள்ளி தெரிய ஆரம்பித்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும்.

இந்த வேலையின் மதிப்பு எனக்கு நன்றாகப் புரிவது வேறோர் இடத்தில். ஒரு வயதான பொமரேனியன், பெண், கருத்தடை செய்யாதது, மாதாமாதம் எங்களிடம் வரும். வயிற்றுப் பக்கம் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது காம்புக்கு அருகில் பட்டாணி அளவில் ஏதோ விரலில் தட்டியது. அடர்ந்த முடிக்குள் யார் கண்ணிலும் படாத இடம். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயதாகும்போது மார்பில் கட்டி வருவது சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று. அன்றைக்கே அந்த வீட்டு ஐயாவிடம் சொல்லி டாக்டரிடம் அனுப்பினோம். சின்னதாக இருந்தபோதே அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். இப்போதும் எங்களிடம்தான் குளிக்க வருகிறாள். குரூமர் வைத்தியம் பார்க்கக் கூடாது, மருந்து சொல்லவும் கூடாது. ஆனால் உண்ணி, காதில் வாடை, ஈறு வெளுத்திருப்பது, போன மாதத்தைவிட எடை குறைந்திருப்பது எல்லாம் நம் கைக்குத்தான் முதலில் தெரியும்.

போர்டிங்கிலும் அப்படித்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் நேரம் எங்களுக்குத் தூக்கமே கிடையாது. வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாயோடு விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டை இல்லாமல் நான் யாரையும் சேர்ப்பதில்லை, எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும். நாய்க்குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டில் தெளிக்கும் சாதாரண கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது அசையாது, அளவாகக் கரைத்த பிளீச் வேண்டும். அப்புறம் ஆண் பூனை. மணல் தட்டில் அடிக்கடி போய் முக்கிக்கொண்டு உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள். பாதை அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிரே போகும். பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும்.

இப்போது படிப்பு. கால்நடை டாக்டராக வேண்டும் என்றால் பி.வி.எஸ்சி. என்கிற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு பயிற்சி. பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட். சென்னை வேப்பேரியில் இருக்கும் கல்லூரி 1903-ல் தொடங்கியது, நாட்டின் பழைய கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. நாய்க்குட்டிக்காக மட்டும் அங்கே போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: படிப்பில் மாடு, ஆடு, கோழி, பன்றி எல்லாம் உண்டு. தோள் வரை உறை மாட்டி, மாட்டின் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சினைப் பரிசோதனை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பூனைக்காகப் போய், இப்போது கறவை மாடுகளை விட்டு வரமாட்டேன் என்கிறாள். ஆசை அப்படியும் திரும்பும்.

டாக்டர் ஆகாமலும் எவ்வளவோ செய்யலாம். சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பைத் தொடங்கிய கேப்டன் சுந்தரம் ஒரு விமானி. வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்ததில்தான் அது 1959-ல் ஆரம்பித்தது. தெருநாய்களைக் கொன்று குவித்த அந்தக் காலத்தில், கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று 1960-களிலேயே சொன்னவர்கள் அவர்கள். பிற்பாடு சென்னை மாநகராட்சியே அந்த வழிக்கு வந்தது. எனக்கு சுந்தரத்தின் குடும்பத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு.

பணத்தைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான். முதுகு வலிக்கும், உடம்பெல்லாம் முடி ஒட்டும், மழைக்காலத்தில் துணியில் ஈர நாய் வாசம் போகாது. "நாய் குளிப்பாட்டவா உன்னை டிகிரி படிக்க வச்சோம்?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களை ஒருநாள் கடைக்குக் கூட்டி வாருங்கள். என் அப்பா அப்படி வந்து அரைநாள் உட்கார்ந்து பார்த்தவர், இப்போது ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் உட்காருகிறார்.

மனிதர்களோடு பேசப் பிடிக்காது, அதனால்தான் விலங்குகளோடு வேலை என்று வருகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். ஒவ்வொரு நாய்க்குப் பின்னாலும் ஒரு குடும்பம் வரும். ஏப்ரல் வெயிலில் அடர்ந்த முடி உள்ள ஹஸ்கி நாயைக் கூட்டிவந்து "மொட்டை அடிச்சிடுங்க, பாவம் வேர்க்குது" என்பார்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இரண்டு அடுக்கு முடி உள்ள இனத்துக்கு அந்த முடி வெயிலையும் தடுக்கும், மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். உதிர்கிற உள்முடியைச் சீவி எடுத்தாலே போதும். இதைக் கோபப்படாமல், அவர்கள் மனம் நோகாமல், ஒவ்வொரு கோடையிலும் புதிதாகச் சொல்வது போலவே சொல்ல வேண்டும். அவர்களும் பாசத்தில்தானே கேட்கிறார்கள்?

வருவது என்று முடிவெடுத்துவிட்டால், கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் பக்கத்தில் இருக்கும் விலங்குகள் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவுங்கள். குட்டிகளைக் கொஞ்சும் வேலை கேட்காதீர்கள், கழுவும் வேலை கேளுங்கள். சில வாரம் போனாலே உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி. கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது; முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று தவணை வழக்கம். அதைப் போட்டிருந்தாலும், கடித்தாலோ பிறாண்டினாலோ குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போயே ஆக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். எங்கள் கடையில் ஊசி போட்ட சீட்டைக் காட்டாமல் யாரும் ஏப்ரன் மாட்ட முடியாது.

அடுத்த வீடியோவில் கறுப்பு நகம் வெட்டுவதைக் கேமராவைக் கிட்டே வைத்துக் காட்டுகிறேன், நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அதற்குள் வீட்டில் ஷிட்சு, பெர்சியன் பூனை வைத்திருப்பவர்கள் காதுக்குப் பின்னால் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். சிக்கு தட்டினால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், தோல் சேர்ந்து வந்துவிடும். சீப்பும் பொறுமையும் போதும், முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் குரூமரிடம் காட்டுங்கள். பார்க்கலாம், வணக்கம்.