மூன்று நிமிட மணி

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. பள்ளியின், அதாவது தொடக்கப்பள்ளியின், பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கப்) பொதுக்குழுவில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஹெச்.எம். டீச்சருக்கும், பி.டி.ஏ. தலைவருக்கும், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிற அம்மா அப்பாக்களுக்கும் வணக்கம்.

நீங்கள் உட்கார்ந்திருப்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிடத்தில் ஓர் அப்பா காலை மாற்றிப் போட்டார். ஒரு பாட்டி முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பின்வரிசையில் இரண்டு பேர் போன் வந்த சாக்கில் வராந்தாவுக்குப் போனார்கள். தப்பே இல்லை, உடம்பு கேட்டது, போனார்கள். இதே பெஞ்சில் உங்கள் எட்டு வயதுப் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் நெளிந்தால் "ஒழுங்கா உட்காரு" என்று ஓர் அதட்டல் விழுகிறது.

நானும் அதட்டியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பாவுக்குப் பனையேறும் வேலை. பையனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. ஒரு பீரியடில் ஐந்து முறை பென்சில் சீவ எழுந்து போவான். ஒருநாள் பொறுமை இழந்து பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னேன். அங்கே நின்றுகொண்டு, நான் வகுப்பில் கேட்ட கணக்குக்கெல்லாம் அவன்தான் முதலில் பதில் சொன்னான். எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்து இன்னொரு பீரியட் நிற்க வைத்தேன். நின்றால் அவனுக்கு மூளை நன்றாக ஓடுகிறது என்பது எனக்குப் புரிய பல வருடம் ஆனது. அதற்குள் அவன் பள்ளியை விட்டே போய்விட்டான். இன்று இங்கே பேச ஒத்துக்கொண்டதற்கு அவன்தான் காரணம்.

நம் பள்ளிக்கூடப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். எழுந்து நில், தோப்புக்கரணம் போடு, கிரவுண்டைச் சுற்றி ஓடு. எல்லாமே தண்டனை. கை கட்டி அசையாமல் இருந்தால் நல்ல பிள்ளை. உடம்பை அசைப்பதையே அவமானத்தோடு முடிச்சுப் போட்டு வைத்துவிட்டோம். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான், பிள்ளைகள் வகுப்பிலேயே உடம்பை அசைக்கத் தினமும் நாலு முறை, முறைக்கு மூன்று நிமிடம் கேட்கிறேன்.

உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகிறது? காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளி விடுவதில் கெண்டைக்கால் சதைக்குப் பெரிய பங்கு. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்பு மாதிரி வேலை செய்கிறது. கால் சும்மா கிடந்தால் பம்பும் சும்மா. மதியச் சோறும் பயறும் சாப்பிட்ட பிறகு வரும் முதல் பீரியடில் வந்து பாருங்கள். மின்விசிறிச் சத்தமும் டீச்சர் குரலும் சேர்ந்து தாலாட்டு மாதிரி இருக்கும். பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள்.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே டீச்சர்" என்று வாசலில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் காலத்தில் வாய்க்கால் மேட்டிலேயே நடந்து வந்தீர்கள், நடந்து போனீர்கள். நடுவில் புளியமரத்தில் ஏறினீர்கள், பாண்டி ஆடினீர்கள். இப்போது வீட்டு வாசலில் ஆட்டோ ஏறினால் பள்ளி வாசலில்தான் இறங்குகிறார்கள். ஒருவர் மடியில் ஒருவர், எல்லோர் மடியிலும் பை. வீட்டுக்குப் போனால் ட்யூஷன், அப்புறம் போன். 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படியான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை.

நான் கேட்கும் நாலு மூன்று நிமிடம் சேர்த்தால் 12 நிமிடம். அந்த அறுபதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே பி.டி. (உடற்பயிற்சி) பீரியடுக்கு இதை ஈடாக்கி விடாதீர்கள். அந்தப் பீரியடைக் கணக்குக்கும் மலையாளத்துக்கும் கடன் வாங்கும் பழக்கமும் நிற்க வேண்டும். சிறிய எல்.பி. பள்ளிகளில் பி.டி.க்குத் தனி ஆசிரியர் இருப்பது அபூர்வம் என்பதால், அந்தப் பீரியடுக்காகச் சண்டை போடவும் ஆள் இல்லை.

சரி, மூன்று நிமிடத்தில் என்ன செய்வது? கிரவுண்டுக்குப் போக வேண்டாம். மார்ச் மாதத்துப் பாலக்காட்டு வெயில் உங்களுக்குத் தெரியும். வகுப்புக்குள்ளேயே பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே நின்றால் போதும். நான் கடைசி வருடங்களில் செய்துபார்த்த ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். டீச்சர் ஒரு சொல் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அதைச் செய்ய வேண்டும். சில சொற்கள் தமிழில், சில மலையாளத்தில். "வலது", "இடது" என்றால் சிக்கல் இல்லை, இரண்டு மொழிக்கும் பொது. "சாடு" என்றதும் தமிழ் வீட்டுப் பிள்ளை முழிக்கும். நமக்குச் சாடுவது என்றால் திட்டுவது. பக்கத்துப் பிள்ளை குதிப்பதைப் பார்த்து அதுவும் குதிக்கும். அவ்வளவுதான், சாடு என்றால் குதி என்பது அதற்கப்புறம் மறக்காது. கடைசியில் "இரிக்கு" என்று மெல்லச் சொன்னால் மொத்த வகுப்பும் உட்கார்ந்துவிடும், சிரித்த முகத்தோடு. மலையாளம் வாசிக்கத் திணறும் நம் பிள்ளைகளுக்கு, கூச்சமில்லாமல் அந்த மொழியைக் காதில் வாங்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை. இதே மாதிரி ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே இடத்தில் நடந்துகொண்டே சொல்ல வைக்கலாம்.

சத்தம் வரும், வகுப்பு அடங்காது என்று டீச்சர்மார் பயப்படுவது எனக்குத் தெரியும். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். மூன்று நிமிடம் என்று சொல்லி மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினால், இரண்டாவது வாரம் பிள்ளைகளே அடங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இப்படி வகுப்பறை அசைவுகளைப் பத்து நிமிடம் செய்ய வைத்து ஆராய்ந்தார்கள். 2006இல் அது வெளியானது. அசைவுக்குப் பிறகு பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாகக் கவனம் வைத்தார்கள். யாரிடம் மாற்றம் அதிகம் என்றால், முன்பு கவனமே வைக்காமல் இருந்தவர்களிடம். அதைப் படித்தபோது அந்தப் பனையேறி வீட்டுப் பையன் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பாட நேரம் போகுமே என்றும் கேட்பீர்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மணி அடிக்க வேண்டும் என்றபோதும் இதையேதான் கேட்டோம். 2019இல் கேரளத்துப் பள்ளிகள் சிலவற்றில் தண்ணீர் மணி வந்தது. 2024 பிப்ரவரியில் காலை 10.30க்கும் மதியம் 2.30க்கும் அடிக்க அரசே சொன்னது. போன வருடம், 2025இல், அந்தப் பக்கம் தமிழ்நாடும் கொண்டுவந்தது. எந்தப் பாடமும் முடங்கவில்லை. அந்த இரண்டு மணியும் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு மூன்று நிமிடம், அவ்வளவே. இன்னும் இரண்டு வேளைதான் புதிதாகத் தேட வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கப் போகிறேன். ஹோம்வொர்க் எழுதாத பிள்ளைக்கு இந்த மூன்று நிமிடத்தை வெட்டக் கூடாது. இடைவேளையைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013லேயே சொல்லிவிட்டது. அப்புறம், கால் முடியாத பிள்ளை வகுப்பில் இருந்தால், எண்ணிக்கை சொல்லும் வேலையைக் கொடுத்து ஓரமாக வைத்துவிடக் கூடாது. உட்கார்ந்தபடி கைகளால் செய்யும் அசைவையே அந்த வகுப்பு முழுக்கச் செய்யட்டும்.

திங்கட்கிழமை 10.30க்குத் தண்ணீர் மணி அடித்ததும் நாலாம் வகுப்பில் தொடங்குகிறோம். பெஞ்சுகளைக் கொஞ்சம் சுவரோரம் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன், நானும் வருகிறேன். அந்த வகுப்பில் அதிகமாக நெளிகிற பிள்ளை யார் என்று டீச்சர் பார்த்து வையுங்கள். மூன்று நிமிட மணியை அவன் கையில் கொடுக்க வேண்டும்.