தொப்பூர் கணவாயும் பந்தயத் தடமும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கார் பந்தயம் என்றதும் ஒருவர் மட்டும் உட்காரும் ஃபார்முலா வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. என் மனசு முழுக்க டூரிங் கார் பந்தயம்தான். தெருவில் ஓடுகிற அதே கார். உள்ளே இருக்கிற சீட்டையெல்லாம் கழற்றி எடை குறைத்து, வண்டி கவிழ்ந்தாலும் ஆளைக் காக்க இரும்புக் குழாயில் ரோல் கேஜ் என்ற கூண்டு கட்டி, இன்ஜினைத் தட்டி எழுப்பித் தடத்தில் விடுவார்கள். டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிற ஃபியட்டும் அங்கே சீறுகிற ஃபியட்டும் ஒரே சாதி என்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது பாருங்கள், அது வேறு எந்தப் பந்தயத்திலும் கிடைக்காது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம்தான் நம் மாநிலத்தின் பழைய பந்தயத் தடம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1089 சிசி ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிறகு பெங்களூரில் தயாரான சிப்பானி டால்ஃபின் என்று பல கார்கள் அங்கே ஓடின. அந்த டால்ஃபினுக்கு ஃபைபர் உடம்பு, 848 சிசி இன்ஜின். பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். எடை இல்லாததால் வளைவுகளில் பெரிய வண்டிகளுக்கே தண்ணி காட்டும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு முறையான தடம் வந்தது. மாருதி எஸ்டீம் கோலோச்சியது அங்கேதான். கோவை செட்டிபாளையத்துத் தடத்துக்குப் பெயரே கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி இன்ஜினை வைத்துப் பந்தய வண்டிகள் கட்டிய கரிவரதனின் நினைவாக வைத்தது.

இருங்காட்டுக்கோட்டை, கோவை இந்த இரண்டு தடங்களுக்குமே நம் ஊரிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் போய்விடலாம். இப்போது ‘ட்ராக் டே’ என்று ஒன்று நடத்துகிறார்கள். பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. நம் சொந்தக் காரை, கொடி பிடிக்கும் மார்ஷல்களும் ஆம்புலன்சும் இருக்கிற இடத்தில், எதிரே வண்டி வராத தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் வேகம் காட்டுகிற நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்படிப் போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, “இன்ஜினில் என்ன மாற்றலாம்?” என்றுதான். ஒன்றும் மாற்ற வேண்டாம். பிரேக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தும்போது பிறக்கிற சூட்டைப் போல நான்கு மடங்கு சூடு, 120இல் வருகிறதை நிறுத்தும்போது பிறக்கிறது. தடத்தில் சுற்றுக்குச் சுற்று இதே வேலை. ஆறுவதற்கு நேரமே இருக்காது. இதை விளக்க நான் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரி டிரைவரைக் கேளுங்கள். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து பிடிக்காமல் போய்விடும் என்று சொல்வார். அந்த அறிவுதான் தடத்துக்கும் முதல் பாடம்.

காரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155இலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி கட்டும், பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகவே போவதற்கு முன் புது பிரேக் ஆயில் ஊற்றி, பிரேக் குழாயில் இருக்கிற காற்றை எடுத்துவிடுங்கள். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாகவே இருந்தாலும் பழைய ரப்பரை நம்பாதீர்கள். ஓட ஓட உள்ளே காற்றழுத்தம் ஏறும், அதனால் கையில் ஏர் கேஜ் இருக்கட்டும். வீல் நட்டை, எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்குங்கள். நீண்ட வளைவில் இன்ஜின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்புக்கு எட்டாமல் போகலாம். டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் இருக்கட்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டில் இருக்கும் சாமி படம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுங்கள். சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது, இதை வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

ஓட்டி முடிக்கும்போது கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூட்டில் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

தடத்தில் ஓட்டிய காலுக்கு நெடுஞ்சாலையில் 80 கூட நடை போலத் தெரியும். வண்டியை விட முதலில் ஆற வேண்டியது ஆள்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, டயர் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பி, நட்டுகளை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து திரும்பினால் ஆம்பூரில் நிறுத்திச் சாப்பிட்டு, நிதானமாகக் கிருஷ்ணகிரி வந்து சேருங்கள். மறுநாள் பட்டறையில் பேடையும் டிஸ்க்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.