மாலை போட்ட மூன்றாம் நாள்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், சபரிமலை மண்டல காலத்துக்கு முந்தைய வாரம், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் அயல்கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் கார்த்திகை பிறக்கிறது. 'மாலை போட்டால் 41 நாளாவது குடிக்க மாட்டார்' என்று இங்கே எத்தனை அக்காமார் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் காத்திருந்தார்.

என் அண்ணன் 15 வருடம் தினமும் குடித்தவர். மாதம் 1ஆம் தேதி இங்கே கடை அடைத்தால் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டு டாஸ்மாக்குக்குப் போவார். திருவள்ளுவர் தினத்தன்று அங்கே அடைத்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வருவார்கள். எல்லையோரத்தில் குடிக்கு லீவே கிடையாது.

அந்த வருடம் மாலை போட்டார். முதல் நாளே வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, தூக்கமில்லை. பழகிவிடும் என்றோம். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. சாவிக்கொத்தைக் கையில் திணித்தோம். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறினார், அம்மாவையே யாரென்று கேட்டார். விரதத்தில் ஏதோ தப்பு நடந்துவிட்டது, காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்கத் தூக்கிப் போனோம். விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பிழைத்தார். அந்த ஒரு ராத்திரியை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அது பேயும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. மது மூளையை அமுக்குகிறது. வருடக்கணக்கில் அமுக்கினால், மூளை அதை எதிர்த்து முழு மூச்சாக வேலை செய்யப் பழகிவிடும். மேட்டில் பாரம் இழுக்கும் மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் சட்டென்று அறுந்தால் அது தறிகெட்டுத்தானே ஓடும்? வலிப்பும் பிதற்றலும் அப்படி வருகிறவைதான். பெரும்பாலும் முதல் மூன்று நான்கு நாளில் வரும். உயிரையே எடுத்துவிடும்.

அதற்காகக் குடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. ஈரலில் முதலில் கொழுப்பு படியும்; அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஈரல் வீங்கி, தழும்பேறிச் சுருங்கி, வயிற்றில் நீர் கோக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், மார்பகம் என்று பல இடங்களில் புற்றுநோயும் மதுவால் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே நிறுத்தத்தான் வேண்டும். டாக்டர் துணையோடு நிறுத்த வேண்டும்.

தினமும் குடிப்பவர் என்றால் மாலை போடுவதற்கு முன்பே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கம் அடங்க சில நாள் மாத்திரை தருவார்கள், பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். கேரள எக்சைஸ் துறையின் விமுக்தி குடிமீட்பு மையம் மாவட்டந்தோறும் இருக்கிறது. 14446க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள், காசு கிடையாது.

அப்புறம், குடியை நிறுத்தும் என்று சொல்லி விற்கிற, குழம்பில் கலந்து கொடுக்கும் பொடி. தயவுசெய்து வேண்டாம். அதில் என்ன இருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாது. குடியை வெறுக்க வைக்கும் மருந்து ஒன்று நிஜமாகவே உண்டு. ஆனால் அதைச் சாப்பிட்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கூட்டம் முடிந்ததும் இந்தத் திண்ணையிலேயே இருப்பேன். எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாதவர்கள் தனியாக வாருங்கள். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குச் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன்.