ரால்ஸ்டன் தோண்டிய கிணறுகள்

(சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத் தமிழ் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'பூகம்பத்தில் இடிந்த மாளிகை ஹோட்டல்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அழகான தலைப்புதான். ஆனால் அந்த ஹோட்டல், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோவின் பேலஸ் ஹோட்டல், 1906 பூகம்பத்தில் இடியவில்லை. பூகம்பத்தை அது சமாளித்துவிட்டது. அதற்குப் பிறகு சுமார் எட்டு, ஒன்பது மணி நேரம் கழித்து, பட்டப்பகலில் எரிந்து போனது. இன்றைய பேச்சே அந்த எட்டு ஒன்பது மணி நேரத்தைப் பற்றியதுதான். அதைப் பேச முப்பது வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டியில், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ நகருக்குள், வேலை பார்க்கிறவர்களுக்கு இடம் தெரியும். மாண்ட்கோமரி ரயில் ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வெளியே வந்தால், மார்க்கெட் தெருவும் நியூ மாண்ட்கோமரி தெருவும் சேரும் முனையில் பேலஸ் ஹோட்டல். இப்போது நிற்பது 1909இல் திறந்த கட்டடம். அதே மனையில் 1875 முதல் 1906 வரை இருந்த பழைய பேலஸ்தான் நம் கதை.

அதைக் கட்டத் தொடங்கியவர் வில்லியம் ரால்ஸ்டன். பெல்மாண்ட் ஊரில் ரால்ஸ்டன் அவென்யூ இருக்கிறதே, அவர் பெயர்தான். அங்கே அவருடைய பெரிய வீடு இருந்தது. பேங்க் ஆஃப் கலிஃபோர்னியாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களில் விளைந்த பணம் அந்த வங்கி வழியாக ஓடியது. அந்தப் பணத்தில் நாடகக் கொட்டகை, கம்பளி ஆலை, மரச்சாமான் தொழிற்சாலை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் முதலீடு செய்தார். கடைசியில் ஒரு ஹோட்டல். அதுவும் சும்மா ஒரு ஹோட்டல் இல்லை, அமெரிக்காவின் மேற்கில் அதுவரை யாரும் பார்க்காத அளவு.

ஏழு மாடி. 755 அறைகள். ஒரு முழு பிளாக்கையும் அடைத்துக்கொண்ட கட்டடம், செலவு சுமார் 50 லட்சம் டாலர். அந்தக் காலத்து டாலர். தெருவிலிருந்து குதிரை வண்டி நேரே உள்ளே வந்துவிடும். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் ஏழு மாடிக்கும் வெள்ளைத் தூண் வைத்த தாழ்வாரம், மேலே கண்ணாடிக் கூரை. நம் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை ஏழு மாடிக்கு இழுத்துக் கண்ணாடி போட்டு மூடிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வட்டமடித்து நிற்கும்போது மேல் மாடித் தாழ்வாரங்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்களாம், யார் வந்திருக்கிறார் என்று. தண்ணீர் அழுத்தத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட்கள் இருந்தன. 'ஏறும் அறை' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் ஆடம்பரம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கண்ணுக்குத் தெரியாமல் செய்த வேலை. அந்த ஊர் 1868இல் ஒரு நல்ல நிலநடுக்கத்தைப் பார்த்திருந்தது. அதற்கு முன் 1849 கடைசியிலிருந்து 1851 வரை ஒன்றரை வருடத்துக்குள் ஆறு முறை பெரிய தீ. அதனால் ரால்ஸ்டனும் கட்டடக் கலைஞர் ஜான் கெய்னரும் இரண்டு எதிரிகளையும் மனதில் வைத்தே கட்டினார்கள். செங்கல் சுவருக்குள் இரும்புப் பட்டைகளை வரிவரியாகப் பதித்துச் சுவர்களை ஒன்றோடொன்று கட்டினார்கள். சுமார் 3,000 டன் இரும்பு என்று சொல்வார்கள். அது பூகம்பத்துக்கு. தீக்கு? நான்கு ஆழ்கிணறுகள். முற்றத்துக்கு அடியில் சுமார் 6,30,000 கேலன் பிடிக்கும் தொட்டி, நம் கணக்கில் ஏறக்குறைய 24 லட்சம் லிட்டர். சென்னையில் ஓடுகிற பெரிய தண்ணி லாரி 200 வந்து ஊற்றினால்தான் நிரம்பும். கூரை மேலும் தொட்டிகள். பம்புகள், மாடிதோறும் குழாய். அறைகளில் வெப்பம் ஏறினால் மணியடிக்கும் கருவி. 1875இல்!

தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற ஆள் இல்லை ரால்ஸ்டன். ஆனால் இங்கேதான் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது.

தன் ஹோட்டலுக்குச் சொந்தக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த அதே 1875இல் அவர் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். அப்போது ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது ஸ்பிரிங் வேலி வாட்டர் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். அதன் பங்குகளை ரால்ஸ்டன் வாங்கிக் குவித்தார், மொத்தத்தையும் நகராட்சியின் தலையில் நல்ல லாபத்துக்குக் கட்டிவிடலாம் என்று. அலமீடா பக்கத்துக் கலவெராஸ் பள்ளத்தாக்கின் நீர் உரிமையையும் அந்தக் கணக்கில்தான் வளைத்துப் போட்டார். பத்திரிகைகள் கிழித்தன. ஊர் வாங்க மறுத்தது. கையிலிருந்த பணம் தண்ணீரிலும் ஹோட்டலிலும் சுரங்கப் பங்குகளிலும் முடங்கிக் கிடந்தது. 1875 ஆகஸ்ட் 26ஆம் தேதி வங்கியில் பணம் கேட்டுக் கூட்டம் நெருக்கியடிக்க, வங்கி கதவைச் சாத்தியது. மறுநாள் இயக்குநர்கள் அவரிடம் ராஜினாமா வாங்கிக்கொண்டார்கள். வழக்கம்போல அவர் கடலில் நீந்தப் போனார். பிணமாகத்தான் கரை சேர்ந்தார். தற்கொலையா, மாரடைப்பா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதில் தலையிடப் போவதில்லை.

ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 2, ஹோட்டல் திறந்தது. சொத்து கூட்டாளி வில்லியம் ஷரோன் கைக்குப் போயிருந்தது.

பிறகு முப்பது வருடம் ஹோட்டல் கொடிகட்டிப் பறந்தது. யார் யார் தங்கினார்கள் என்ற பட்டியலை எடுத்தால் இரவு சாப்பாடு ஆறிவிடும். ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஹவாய் அரசர் கலாகௌவா. உடம்பு தேற வேண்டி இங்கே வந்து பேலஸில் தங்கியவர், 1891 ஜனவரி 20 அன்று அங்கேயே இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு, அப்போது புதுசாக வந்திருந்த ஃபோனோகிராஃப் கருவியைப் படுக்கையருகே கொண்டுவந்து, மெழுகு உருளையில் அவர் பேச்சைப் பதிவு செய்தார்கள். அந்த உருளை இன்றும் ஹோனலூலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் தேய்ந்துபோய்ப் பேச்சு விளங்காத நிலைக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் தப்பு. திறந்த புதிதில் அங்கே பரிமாறியவர்கள், பெட்டி தூக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். நகரத்துக் கறுப்பினக் குடும்பங்களுக்கு அது ஒரு கௌரவமான, நம்பகமான வேலையாக இருந்தது. பின்னால் அவர்களை எடுத்துவிட்டு வெள்ளையர்களை வைத்தார்கள். ஹோட்டல் வரலாறு எழுதுகிறவர்கள் சரவிளக்கைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இதைப் பற்றி எழுதுவதில்லை.

சரி, 1906க்கு வருவோம்.

ஏப்ரல் 17 இரவு, ஹோட்டலுக்குப் பின்னால் மிஷன் தெருவில் இருந்த கிராண்ட் ஓப்பரா ஹவுஸில் புகழ்பெற்ற இத்தாலிய ஓப்பரா பாடகர் என்ரிகோ கரூசோ பாடினார். பாடி முடித்து பேலஸில் வந்து படுத்தார். விடிகாலை 5:12க்கு நிலம் ஆடியது. 7.9 அளவு என்று பிற்காலத்தில் கணக்கிட்டார்கள். கரூசோ அலறியடித்து வெளியே வந்தவர், படகு பிடித்து ஊரைவிட்டுப் போனவர், சாகிறவரைக்கும் இந்த ஊர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

ஹோட்டல்? உள்ளே சாமான்கள் உருண்டன, பூச்சு உதிர்ந்தது. சுவர் நின்றது. இரும்புப் பட்டைகள் வேலை செய்தன. இரண்டு எதிரிகளில் ஒருவனை ரால்ஸ்டன் ஜெயித்துவிட்டார், செத்து முப்பத்தோரு வருடம் கழித்து.

ஆனால் ஊர் பூராவும் கவிழ்ந்த அடுப்புகள், உடைந்த புகைபோக்கிகள், அறுந்த கம்பிகள். மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே நெருக்கமான மர வீடுகள். ஒரே நேரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தீ. தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் படுத்திருந்த நிலையத்தின் மேல் பக்கத்து ஹோட்டலின் கட்டுமானம் சரிந்து விழுந்தது. படுகாயத்தோடு கிடந்து நான்காம் நாள் இறந்தார். கடல் தண்ணீரை இறைத்துத் தீயணைக்கத் தனிக் குழாய் போடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அதற்கு முந்தைய வருடம் காப்பீட்டு நிறுவனங்களின் குழு ஒன்று வந்து பார்த்துவிட்டு, இந்த ஊர் இன்னும் எரியாமல் இருப்பதே எங்கள் தொழில் மரபுக்கு விரோதம் என்கிற பாணியில் அறிக்கை எழுதியிருந்தது. கிண்டலாக இல்லை, சீரியஸாக.

தீயணைப்பு வீரர்கள் தெருக்குழாயில் ஹோஸைச் சொருகித் திறந்தால், காற்று வந்தது.

280 நெடுஞ்சாலையில் போகும்போது மேற்குப் பக்கம் நீளமாக ஒரு ஏரி வரும், பார்த்திருப்பீர்கள். கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ். ஸ்பிரிங் வேலி கம்பெனியின் அணை அது. அந்தப் பூகம்பம் கிளம்பிய சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவுக்கு வெகு அருகிலேயே நிற்கிறது. அந்தக் காலையில் அந்த அணைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. ஊருக்கு வருகிற பெரிய குழாய்கள்தான் பிளவைக் கடந்த இடத்திலும் சேற்று நிலத்திலும் பிய்ந்துபோயின. ஊருக்குள் மண் கொட்டி நிரப்பிய நிலத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் பிரதானக் குழாய் உடைந்தது. வீட்டு இணைப்புகளில் ஆயிரக்கணக்கில் உடைப்பு. தண்ணீர் இருந்தது, வந்து சேர வழியில்லை.

அந்தச் சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் கைவசம் நல்ல நீர்நிலை வைத்திருந்த கட்டடங்களில் ஒன்று பேலஸ். விருந்தினர்கள் போய்விட்டார்கள். ஊழியர்கள் கூரையிலும் ஜன்னல்களிலும் நின்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். காலை முழுக்கத் தாக்குப்பிடித்தது. ஹோட்டல் நீரைத் தீயணைப்புப் படையும் அக்கம்பக்கத்துத் தீக்கு எடுத்தது என்கிறார்கள். அதைத் தப்பு என்று யார் சொல்வது? பக்கத்து வீடு எரிகிறது, உன் வீட்டில் தண்ணீர் இருக்கிறது, கொடுக்கத்தான் செய்வாய். ஆனால் 24 லட்சம் லிட்டர் என்பது ஒரு ஹோட்டலின் தீக்குப் போட்ட கணக்கு, ஒரு நகரத்தின் தீக்கு அல்ல. நண்பகல் தாண்டியதும் தொட்டி வற்றியது. பிற்பகலில் தீ உள்ளே நுழைந்தது. ரெட்வுட் பலகையும் கம்பளமும் திரையும் நிறைந்த கட்டடம், கேட்க வேண்டுமா?

தன் கட்டடத்துக்குத் தண்ணீர் சேர்த்தவர், ஊர்த் தண்ணீரை விற்று லாபம் பார்க்கும் சரக்காகத்தான் பார்த்தார். அந்த ஊர்த் தண்ணீர் வராததால்தான் அவர் கட்டடம் எரிந்தது. இதை ரால்ஸ்டனுக்குக் கிடைத்த தண்டனை மாதிரி நான் சொல்லவில்லை. அவர் ஒருவர் மட்டும் இல்லை, அன்றைக்கு மொத்த ஊரும் அப்படித்தான் யோசித்தது. சல்லிவன் கேட்டதற்குப் பணம் ஒதுக்காதவர்கள் எல்லோரும் அதில் சேர்த்தி.

இங்கே யாராவது எழுந்து கேட்கலாம்: அப்படியானால் பழைய நாணயச்சாலை எப்படிப் பிழைத்தது? நியாயமான கேள்வி. ஐந்தாவது தெருவில், பேலஸிலிருந்து நடக்கிற தூரம்தான். அதற்கும் சொந்தக் கிணறு இருந்தது, முற்றத்தில். கண்காணிப்பாளர் ஃபிராங்க் லீச்சும் ஊழியர்களும் சில ராணுவ வீரர்களுமாக உள்ளேயே இருந்து ஏழு மணி நேரம் போராடினார்கள். ஜன்னல் கண்ணாடி உருகி வழிந்தது, வெளிச்சுவர்க் கல் சூட்டில் படபடவென்று வெடித்து உரிந்தது. ஒரு பம்பை வைத்துக்கொண்டு உள்முற்றத்தையும் கூரையையும் நனைத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே சுமார் 20 கோடி டாலர் பெறுமான தங்கமும் நாணயமும். கட்டடம் பிழைத்தது. அடுத்த சில வாரங்களுக்கு ஊரின் கஜானாவாகவே அது இயங்கியது.

என் பதில் இதுதான். அது கல் கோட்டை, இரும்புக் கதவு, நாலு பக்கமும் தெரு விலகியிருந்தது. தன் தண்ணீரைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டது. ஒரு கோட்டை அப்படிப் பிழைக்கலாம். 755 அறைக்கும் வெளிச்சம் வர வேண்டும் என்று ஜன்னலாகவே கட்டிய ஹோட்டல் பிழைக்க முடியாது. இதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் பிறகு சண்டை போடலாம்.

தீ மூன்று நாள் எரிந்தது. சுமார் 28,000 கட்டடங்கள் போயின. நான்கு லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் பாதிக்கு மேல் வீடிழந்தார்கள். இறந்தவர்கள் சில நூறு பேர் என்று அன்று கணக்குச் சொன்னார்கள். 3,000க்கு மேல் இருக்கும் என்பது பிற்காலத்து ஆய்வு. பேலஸின் வெளிச்சுவர்கள் மட்டும் கரி படிந்து நின்றன. அவ்வளவு உறுதி, ஆள் வைத்து இடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதன்பிறகுதான் சல்லிவன் கேட்டது நடந்தது. 1908இல் வாக்காளர்கள் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். தீயணைப்புக்கென்றே தனிக் குழாய் வலை, ட்வின் பீக்ஸ் குன்றின் மேல் ஒரு கோடி கேலனுக்கு மேல் பிடிக்கும் நீர்த்தேக்கம், கடல் நீரை இறைக்க இரண்டு பம்பு நிலையங்கள். தெருவுக்கு அடியில் தொட்டிகள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் 75,000 கேலன். சிட்டியில் நாற்சந்தியின் நடுவில் செங்கல்லால் பெரிய வட்டம் பதித்திருப்பதைப் பார்த்து, என்ன டிசைன் இது என்று நினைத்திருப்பீர்கள். அதற்குக் கீழே தொட்டி இருக்கிறது. ஸ்பிரிங் வேலி கம்பெனியையும் கடைசியில் ஊர் வாங்கியது, 1930இல். ரால்ஸ்டன் விற்க நினைத்து 55 வருடம் கழித்து.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் இந்தத் தனிக் குழாயும் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே உடைந்தது, மரீனா பகுதி எரியும்போது அங்கே குழாயில் அழுத்தம் இல்லை. ஃபீனிக்ஸ் என்ற தீயணைப்புப் படகு ஒன்று கடலிலிருந்து இறைத்துக் கொடுத்ததால் தப்பித்தது. அந்தப் படகையே செலவு என்று விற்றுவிடலாமா என்ற பேச்சும் அதற்கு முன் இருந்ததுண்டு.

கடைசியாக, போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று வரும்போதே ஒருவர் கேட்டார். புதிய பேலஸின் உள்ளே போக யாரும் காசு கேட்க மாட்டார்கள். பழைய குதிரை வண்டி முற்றம் இருந்த இடத்தில் கண்ணாடிக் கூரை போட்ட கார்டன் கோர்ட் என்ற உணவுக்கூடம் இருக்கிறது. 1945இல் ஐ.நா. மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு விருந்து அங்கேதான் நடந்தது, அந்த மாநாட்டில் இந்தியாவுக்காகச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் நம் ஏ. இராமசாமி முதலியார். டீ குடிக்க உட்கார்ந்தால் மட்டும் விலைப்பட்டியலை முதலில் பாருங்கள். பிறகு வெளியே வந்து கியர்னி தெரு முனைக்கு நடந்தால் லோட்டா நீரூற்று, அதுவும் 1875தான். ஏப்ரல் 18 விடிகாலை 5:12க்கு வருடாவருடம் அங்கே கூட்டம் கூடும். காரில் போகாதீர்கள், அந்தப் பக்கம் நிறுத்த இடம் கிடைக்காது. ஆனால் அவ்வளவு காலையில் பார்ட் ரயிலும் ஓடுமா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.