என் பிரீமியம், கம்பெனியின் காசோலை

வணக்கம். பின்னால் கேட்கும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்றுதான் கேமராவை இந்த அரிசி மூட்டையின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். அது சரிந்தால் நான் கூரையைப் பார்த்துப் பேசுவதுபோல் தெரியும், கண்டுகொள்ளாதீர்கள்.

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இட்லி மாவுக் கம்பெனி தொடங்கிய கதையைப் போன வீடியோவில் சொன்னேன். மாவு எப்படிப் புளிக்க வைக்கிறீர்கள், குளிர்காலத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பீர்கள் என நினைத்தேன். நீங்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: வேலையை விட்டுவிட்டீர்களே, மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? அமெரிக்காவில் இருக்கும் தமிழர் வேறு எதைக் கேட்பார்!

சொந்தமாகத்தான் வாங்கியிருக்கிறேன். இந்த மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கெட் கவர்ட் நியூ ஜெர்சி வழியாக. நான், மனைவி, மகள், மூன்று பேருக்கும் சேர்த்து மாதம் 1,350 டாலர், வருடத்துக்கு 16,200. எங்கள் வருமானத்துக்கு மானியம் எதுவும் கிடைக்கவில்லை. சொந்தத் தொழில் செய்பவர் இந்தத் தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 162(எல்) என்ற பிரிவு. 2003-ஆம் ஆண்டிலிருந்து பிரீமியம் முழுவதையும் கழிக்கலாம். வருமான வரியின் 22 சதவீதப் படியில் இருப்பவருக்கு 16,200 டாலரில் 3,564 டாலர் மிச்சம். சும்மா விடக்கூடிய பணமா இது?

நான் விட்டேன். ஒரு வருடம் முழுவதும் விட்டேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் ஆடிட்டர் இல்லை, மாவு அரைப்பவன். உங்கள் கணக்கை உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கம்பெனிக்கு முன்னால் மூன்று வருடம் தனியாகக் கேட்டரிங் செய்தேன். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு இந்தக் கணக்கு மிகச் சுலபம். பாலிசி என் பெயரில், பணம் என் வங்கிக் கணக்கிலிருந்து. வருடக் கடைசியில் கூட்டி, 1040 என்ற தனிநபர் வருமான வரிப் படிவத்தோடு இணைக்கும் முதல் அட்டவணையில் 17-ஆம் வரியில் எழுதினால் முடிந்தது. 2023 வரிக் கணக்கிலிருந்து 7206 என்று ஒரு தனிப் படிவம் வந்திருக்கிறது, கணக்கை அதில் போட்டுப் பார்த்துவிட்டு அந்த வரிக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

பிறகு நண்பரோடு சேர்ந்தேன். ஆளுக்குப் பாதி என்று எல்.எல்.சி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி ஒன்றைப் பதிவு செய்தோம். இரண்டு பேர் சேர்ந்து எல்.எல்.சி. தொடங்கிவிட்டு வரித்துறைக்கு வேறு எதுவும் சொல்லாமல் இருந்தால், அது தானாகவே கூட்டாண்மைதான். நாங்களும் எதுவும் சொல்லவில்லை. ஆகவே நான் பங்குதாரர். ஆனால் பழக்கம் போகுமா? பாலிசி அதே பாலிசி. மாதம் ஐந்தாம் தேதி என் சொந்தக் கணக்கிலிருந்து 1,350 டாலர் தானாகக் கழிந்துகொண்டிருந்தது. என் காப்பீடு, என் பணம், இதில் கம்பெனிக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

பிப்ரவரியில் கணக்குக் கொடுக்கப் போனபோது ஆடிட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கம்பெனி உங்களுக்கு இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததா?" இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். பேனா கீழே போனால் நல்ல செய்தி இல்லை என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

சட்டம் எதிர்பார்ப்பது, காப்பீட்டுத் திட்டம் அந்தத் தொழிலின் கீழ் ஏற்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது. தனி ஆள் தொழிலில் நானும் தொழிலும் ஒன்றே, அதனால் சிக்கல் இல்லை. கூட்டாண்மையில் பாலிசி பங்குதாரர் பெயரில் இருக்கலாம், பிரீமியத்தை அவரே கட்டலாம், அதில் தவறில்லை. ஆனால் கம்பெனி அந்தப் பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததைக் கே-1 அட்டவணையில், அதாவது ஒவ்வொரு பங்குதாரருக்கும் அவர் கணக்கைக் காட்டிக் கம்பெனி தரும் தாளில், கியாரண்டீட் பேமெண்ட் என்று காட்டியிருக்க வேண்டும். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்குத் தரும் தொகைக்கு அந்தப் பெயர். 4-ஆம் கட்டத்தில் அது வருமானமாக ஏறும், 13-ஆம் கட்டத்தில் எம் என்ற குறியீட்டோடு மருத்துவக் காப்பீட்டுத் தொகை என்று காட்டப்படும். முதலில் வருமானமாக ஏறினால்தான் பிறகு நான் அதைக் கழிக்க முடியும். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கும் வேலைதான், ஆனால் வாங்கிய கை ஏட்டில் தெரிய வேண்டும்.

எங்கள் ஏட்டில் எதுவும் தெரியவில்லை. டிசம்பர் 31 கடந்துவிட்டது. போன வருடத்துத் தேதி போட்டு இப்போது ஒரு காசோலை எழுதலாமா என்று கேட்டேன். ஆடிட்டர் பதில் சொல்லவில்லை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மருத்துவச் செலவாக வேறு அட்டவணையில் காட்டலாமே என்றால், அதில் வருமானத்தின் 7.5 சதவீதத்துக்கு மேல் போன பகுதி மட்டும்தான் கணக்கு, அதுவும் செலவுக் கணக்கு காட்டாமலே எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவை விட்டுக்கொடுத்தால்தான். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. போனது போனதுதான்.

சரி, இந்த வருடம் ஒழுங்காகச் செய்வோம் என்று நண்பரிடம் போனேன். கம்பெனி எனக்கு மாதம் 1,350 கொடுக்க வேண்டும் என்றேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். கம்பெனி எனக்கு 16,200 கொடுத்தால் கம்பெனியின் லாபம் 16,200 குறையும். லாபம் ஆளுக்குப் பாதி. அவருடைய பங்கில் 8,100 டாலர் குறைகிறது. "உன் வீட்டுக் காப்பீட்டில் பாதியை நான் ஏன் கட்ட வேண்டும்?" என்றார். கேள்வி நியாயமானது. ஊரில் பங்காளி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை என் பங்குதாரர் பங்காளியாக மாறப் பார்த்தார்.

தீர்வை ஆடிட்டர்தான் சொன்னார். நண்பருக்கும் அதே 16,200 டாலரைக் கியாரண்டீட் பேமெண்டாகக் கொடுத்துவிடுங்கள், அவருடையது உழைப்புக்கான தொகை, உங்களுடையது காப்பீட்டுக்கு. இருவருக்கும் சமமாகப் போகிறது, மீதி லாபம் பழையபடி பாதிப் பாதி. கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். கூட்டுத் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பேச்சை ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். மார்ச் 15 கூட்டாண்மைக் கணக்குக்குக் கடைசி நாள், அந்த நெருக்கடியில் பேசினால் சொல் தடிக்கும்.

நண்பரும் தனியாகக் காப்பீடு வாங்கிக் கழித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அவரால் முடியாது. அவர் மனைவி ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அந்தக் கம்பெனி பிரீமியத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, கணவரையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறது. சேருகிறீர்களா இல்லையா என்பது முக்கியமே இல்லை. சேரத் தகுதி இருக்கிறது என்றாலே இந்தக் கழிவு கிடையாது. அங்கே மருத்துவர் பட்டியல் சரியில்லை, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வெளியே வாங்கினாலும் கிடையாது. இதை மாதம் மாதமாகப் பார்க்கிறார்கள். அவர் மனைவி ஜூலையில் வேலையை விட்டு அந்தத் தகுதியும் போய்விட்டால், ஆகஸ்டிலிருந்து கட்டும் பிரீமியத்தைக் கழிக்கலாம். என் மனைவி பகுதிநேர வேலையில் இருக்கிறார், அங்கே காப்பீடே கிடையாது. நாங்கள் தப்பித்ததற்குக் காரணம் அந்த ஏமாற்றம்தான் என்று அவரிடம் சொன்னேன். முறைத்தார்.

கிரைண்டரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வருகிறேன்.

தண்ணீர் தெளித்துவிட்டேன். மீதியை வேகமாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு வருடக் கடைசியில் 27 வயது ஆகாமல் இருந்தால், அவர் உங்களைச் சார்ந்தவராக இல்லாவிட்டாலும் அவருக்கான பிரீமியம் சேரும். தொழிலிலிருந்து உங்களுக்கு வந்த நிகர வருமானத்துக்கு மேல் கழிக்க முடியாது, நஷ்டம் வந்த வருடத்தில் இந்தக் கழிவை நம்பாதீர்கள். 65 தாண்டிய பங்குதாரர்கள், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பிரீமியத்தையும் சேர்க்கலாம். 2025-இல் அதில் மருத்துவரிடம் போகும் செலவுக்கான பகுதி பி-க்கு வழக்கமான மாதத் தொகை 185 டாலர். அதற்கும் கம்பெனி திருப்பிக் கொடுக்கும் அதே வழிதான்.

மானியம் வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு தலைவலி உண்டு. மானியம் போக நீங்கள் கட்டியதைத்தான் கழிக்கலாம். கழித்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் மானியம் கூடும், மானியம் கூடினால் கழிக்கும் தொகை குறையும். செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கென்றே வரித்துறை 2014-இல் ஒரு கணக்கு முறை வெளியிட்டிருக்கிறது. அதைக் கையால் போட முயலாதீர்கள், மென்பொருளிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இன்றும் எரிச்சல் தருவது. இந்தக் கழிவு வருமான வரியை மட்டும்தான் குறைக்கும். சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் சேர்த்துச் சுயதொழில் வரி என்று 15.3 சதவீதம் வாங்குகிறார்களே, அதைத் தொடாது. 2010-ஆம் ஆண்டுக்கு மட்டும் அதிலும் கழிக்க விட்டார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் நான் வேலையில் இருந்தேன். என் ராசி அப்படி.

இதோ பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், இந்த மாதத்துக் காசோலை. கம்பெனி பெயர், என் பெயர், 1,350 டாலர், குறிப்பில் மருத்துவக் காப்பீடு என்று எழுதியிருக்கிறது. காசோலையில் இருவர் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருக்கிறோம். என்னுடையது போட்டாகிவிட்டது. நண்பர் ஓக் ட்ரீ ரோடு கடைகளுக்கு மாவு போடப் போயிருக்கிறார், வந்ததும் வாங்கிவிட வேண்டும். கிரைண்டர் நின்றுவிட்டது, நான் போகிறேன்.