டிகிரி சர்டிபிகேட்டோட பின்பக்கம்

வணக்கம் நேயர்களே. நான் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், சொந்த ஊர் கும்பகோணம், ஆர்ட்டிகிள்ஷிப்ங்கற சிஏ பயிற்சி பண்ணது திருச்சில. 2007ல துபாய் போனேன், 2016ல அங்கேர்ந்து சிங்கப்பூர், 2023ல மறுபடி திருச்சிக்கே வந்தாச்சு. கணக்கு, ஆடிட், பேங்க் வேலைன்னு வெளிநாடு போக நெனைக்கற பசங்களுக்கு பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, வந்திருக்கேன்.

கையில ஒரு பேப்பர் வெச்சிருக்கேன், ரேடியோல காட்ட முடியாது, சொல்றேன். என்னோட பி.காம். டிகிரி சர்டிபிகேட். முன்பக்கம் பட்டம், பின்பக்கத்த திருப்புனா இடமே இல்ல, மாநில அரசு முத்திரை, டெல்லி வெளியுறவுத்துறை முத்திரை, அமீரகத் தூதரகத்தோட முத்திரை, துபாய் போனப்புறம் அவங்க வெளியுறவு அமைச்சகம் ஒட்டுன ஸ்டிக்கர். மூணு வருஷம் படிச்சது முன்பக்கம் ரெண்டு வரி, நான் படிச்சேன்னு இன்னொரு நாட்ட நம்ப வெச்சது பின்பக்கம் முழுக்க. இந்த அட்டெஸ்டேஷன் வேலைய ஆஃபர் லெட்டர் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், ஆஃபர் குடுத்தவங்க ஆறு வாரம் காத்திருந்தாங்க, அதுக்கு மேல இருந்திருக்க மாட்டாங்க. பேப்பரெல்லாம் முன்னாடியே ரெடி பண்ணி வெச்சுக்கங்க.

அதவிட பெரிய தலவலி பேரு. நமக்கு குடும்பப் பேரு கிடையாது, இனிஷியல்தான். மார்க் ஷீட்ல பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து, டிகிரில அதே எழுத்து பேருக்குப் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, கல்யாணத்துக்கப்புறம் பான் கார்டுல வீட்டுக்காரர் பேரு. நமக்கு எல்லாம் ஒரே ஆளுன்னு தெரியும், வெளிநாட்டு பேங்க்ல பேக்ரவுண்ட் செக் பண்றவருக்கு அது நாலு பேரு. பணம் பொழங்கற வேலைங்கறதால எழுத்துக்கு எழுத்து பாப்பாங்க. எல்லாம் ஒரே நபர்தான்னு நோட்டரி கிட்ட அஃபிடவிட் எடுத்துக் குடுத்துதான் நான் தப்பிச்சேன்.

சரி, முக்கியமான விஷயம். வாரத்துக்கு ரெண்டு போனாவது வருது, மேடம் எந்த நாடு நல்லா இருக்கும், கனடாவா சிங்கப்பூரா லண்டனான்னு. நான் அதுக்கு பதில் சொல்றதே இல்ல, திருப்பிக் கேக்கறேன், நீ இப்ப தெனமும் செய்யற வேலைல எது கடல் தாண்டும்? வேலைன்னு நாம சொல்றது ஒரே சாமான் இல்ல, அதுல பாதி நம்ம கூட ஃப்ளைட் ஏறும், மீதி ஏர்போர்ட்டோட நின்னுடும். நம்ம ஊரு வரிச் சட்டப் பிரிவுகள், கம்பெனி சட்டம் இதெல்லாம் நின்னுடும், நான் அதுல கெட்டிக்காரி, துபாய்ல எறங்குன அன்னிக்கு அதுக்கு யாரும் ஒரு திர்ஹம் தரல. ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடற உரிமையும் நின்னுடும், அமீரகத்துல அங்க பதிவு பண்ணியிருக்கணும், சிங்கப்பூர்ல அக்ராங்கற அரசு அமைப்புல பப்ளிக் அக்கவுண்டன்ட்டா பதிவு இருக்கணும், நம்ம சிஏ மட்டும் வெச்சுகிட்டு அங்க கையெழுத்துப் போட முடியாது.

எது ஏறும்னா, ஐஎஃப்ஆர்எஸ்ங்கற சர்வதேச கணக்கு விதிமுறை ஏறும், 140 நாட்டுக்கு மேல அதுதான் கணக்கு பாஷை, நம்மூர்ல 2016லேர்ந்து பெரிய கம்பெனிகளுக்கு வந்த இண்ட் ஏஎஸ்ங்கற இந்தியக் கணக்கு விதிமுறையும் கிட்டத்தட்ட அதோட வாரிசுதான், அதனால ஒருத்தன் லீஸ் கணக்க இங்க ஒழுங்கா கத்துக்கிட்டான்னா அங்க போய் புதுசா கத்துக்க வேண்டியது கொஞ்சம்தான். கருப்புப் பணத் தடுப்பு, வாடிக்கையாளர் யாருன்னு சரிபாக்கற கேஒய்சி இந்தப் பக்கம் இருக்கறவங்களும் ஏறிடலாம், ஏன்னா எஃப்ஏடிஎஃப்னு ஒரு சர்வதேச அமைப்பு 40 பரிந்துரை வெச்சிருக்கு, எல்லா நாட்டு பேங்கும் அத ஒட்டித்தான் ஓடுது. 2022 மார்ச்ல அமீரகத்த அவங்க கிரே லிஸ்ட்ல, அதாவது கூடுதலா கண்காணிக்கற நாடுகள் பட்டியல்ல போட்டாங்க, 2024 பிப்ரவரில எடுத்தாங்க, அந்த ரெண்டு வருஷமும் எனக்குத் தெரிஞ்ச காம்ப்ளையன்ஸ் ஆளுங்களுக்கு அங்கேர்ந்து போன் மேல போன். அதே மாதிரி 2018 ஜனவரி 1 அன்னிக்கு அங்க 5 சதவீதம் வாட் வந்துச்சு, இந்த மாதிரி வரியே பாத்திராத ஊரு, இன்வாய்ஸ் எப்படிப் போடறது, வாங்குனப்ப கட்டுன வரிய இன்புட்டா எப்படிக் கழிக்கறதுன்னு தெரிஞ்ச நம்மூரு மறைமுக வரிக்காரங்களுக்கு கிராக்கி வந்துச்சு. பிரிவு நம்பர் கடல் தாண்டல, வரி ஓடற விதம் புரிஞ்ச புத்தி தாண்டிச்சு.

சிஎஃப்ஏ, ஏசிசிஏ, அமெரிக்க சிபிஏன்னு வெளிநாட்டு நிதி, கணக்குப் பரீட்சைங்க பத்தி கேப்பீங்க. நல்ல பரீட்சைங்கதான், சிபிஏ 2020லேர்ந்து இந்தியாவுலயே எழுதலாம். ஆனா பரீட்சை வேற, விசா வேற. அமெரிக்காவுல ஹெச்-1பி வேலை விசாவுக்கு குலுக்கல், வருஷத்துக்கு 85,000தான், 2025 செப்டம்பர்ல வெளிநாட்டுலேர்ந்து புதுசா எடுக்கறவங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு வேற அறிவிச்சாங்க. பிரிட்டன்ல ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்கு வருஷச் சம்பள வரம்பு 2024ல 38,700 பவுண்டு, அடுத்த வருஷமே 41,700. சிங்கப்பூர்ல 2025 ஜனவரிலேர்ந்து நிதித்துறைக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ்ங்கற வேலை அனுமதி வேணும்னா மாசச் சம்பளம் குறைஞ்சது 6,200 சிங்கப்பூர் வெள்ளி, வயசு ஏற ஏற அதுவும் ஏறும், நாப்பத்தஞ்சு வயசுக்காரருக்கு 11,800. மத்த துறையெல்லாம் 5,600ல ஆரம்பிக்குது, நம்ம துறைக்குன்னு தனியா கூட வெச்சிருக்காங்க பாருங்க. அதுக்கு மேல காம்பஸ்னு பாயிண்ட் கணக்கு, 40 எடுக்கணும், அதுல ஒண்ணு, அந்தக் கம்பெனில உங்க நாட்டுக்காரங்க எத்தன பேருன்னு பாக்கறது. நாலுல ஒரு பங்கு ஏற்கனவே இந்தியர்னா உங்களுக்கு அதுல பூஜ்யம். நம்மாளுங்க நெறைய இருக்கற எடமா பாத்து அப்ளை பண்ணுவோம் இல்லையா, அங்க அதுவே பாயிண்ட்ட கொறைக்குது, போறதுக்கு முன்னாடி இத யாராவது சொல்லணும், அதான் சொல்றேன்.

இப்ப 2009க்கு வர்றேன். 2008 செப்டம்பர்ல அமெரிக்காவோட லேமன் பேங்க் விழுந்துச்சு, துபாய்ல அடி விழ கொஞ்ச மாசம் ஆச்சு. 2009 மார்ச்ல எங்க டிபார்ட்மென்ட்ல பதினோரு பேர ஒரே காலைல கூப்பிட்டு அனுப்பிட்டாங்க, நானும் ஒருத்தி. அப்பல்லாம் விசா கேன்சல் ஆச்சுன்னா 30 நாள்தான், அதுக்குள்ள வேற வேலை இல்லன்னா கெளம்பணும். எனக்குக் கடன் இல்ல, பொழச்சேன். என் பக்கத்து சீட்டு அண்ணன் ஒருத்தர், மாயவரம் பக்கம், ஊர்ல வீடு கட்ட அங்க பேங்க்ல பர்சனல் லோன் வாங்கியிருந்தார். கடைசி செட்டில்மென்ட் பணம் அக்கவுண்ட்ல விழுந்த உடனே பேங்க் லோனுக்காக அக்கவுண்ட்ட முடக்கிடுச்சு, கையில இருந்தது பர்ஸ்ல இருந்த 340 திர்ஹம். அதோட வாடகை. அங்க வாடகை மாசா மாசம் இல்ல, வருஷ ஆரம்பத்துலயே பின்தேதி போட்ட செக்கா குடுத்துடணும், நாலு செக்னா நாலு, அடுத்த செக் ஏப்ரல் 1. அப்ப அந்த நாட்டுல செக் பவுன்ஸ் ஆனா போலீஸ் கேஸு, ஏர்போர்ட்லயே புடிப்பாங்க. 2022லதான் அந்தச் சட்டத்த பெருமளவு தளர்த்துனாங்க.

அவரு கணக்குல புலி, ஒரு பைசா இடிச்சா ராத்திரி தூங்க மாட்டார், அந்த மனுஷன் எங்க வீட்டு கிச்சன் மேடைல ஒரு பழைய பே ஸ்லிப்ப திருப்பிப் போட்டு, பின்னாடி பென்சில்ல ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1னு எழுதிட்டு அப்படியே பாத்துகிட்டே உக்காந்திருந்தார், டீ ஆறி ஆடை கட்டிருச்சு. நாங்க அஞ்சு பேரு சேந்து அந்த முதல் செக்குக்குப் பணம் கட்டுனோம், மீதி செக்க வீட்டு ஓனர் கிட்ட பேசித் திரும்ப வாங்குனோம். அவருக்கு வேலை கெடைச்சுது, அந்தக் கடனயும் அடைச்சார், ஆனா அதுக்கப்புறம் அவர் லோனே வாங்கல. போற பசங்களுக்கு நான் கையப் புடிச்சு சொல்றது, ஆறு மாசச் செலவு ஊர்ல உங்க பேர்ல தனியா இருக்கற வரைக்கும் அங்க கடன் வாங்காதீங்க. அடுத்தவங்க பணத்தப் பாக்கறதுதான் நம்ம தொழிலு, நம்ம பணத்த மட்டும் நாம பாக்க மாட்டேங்கறோம்.

சிங்கப்பூர்ல இருந்தப்ப மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியா நடக்கும்போதெல்லாம் ஒண்ணு தோணும். இன்னிக்கு பூராவும் கண்ணாடிக் கட்டடம், ஒரு காலத்துல அங்க நாட்டுக்கோட்டை நகரத்தாரோட கிட்டங்கி இருந்துச்சு, வட்டித் தொழிலும் அங்கயே, படுக்கறதும் அங்கயே, பக்கத்துல பக்கத்துல பெட்டகம். பையனாப் போயி பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள்னு ஏறுவாங்க, மேலாளா அனுப்பறப்பவே பெரும்பாலும் மூணு வருஷக் கணக்குன்னு பேசித்தான் அனுப்புவாங்க, முடிஞ்சா ஊருக்கு வந்து கணக்கு ஒப்படைச்சுட்டு மறுபடி போறதா வேண்டாமான்னு பேசுவாங்க. திரும்பி வர்ற தேதிய கையிலயே வெச்சுகிட்டு போனவங்க. நாங்க அப்படிப் போகல, பாக்கலாம் பாக்கலாம்னே பதினாறு வருஷம்.

எங்களத் திருப்பி அனுப்புனது என் வேலை இல்ல, வீட்டுக்காரர் வேலை. அவர் என்னோட குடும்பத்தாருக்கான டிபெண்டன்ட் பாஸ்ல வந்து, லெட்டர் ஆஃப் கன்சென்ட்ங்கற வேலை அனுமதிக் கடிதம் வாங்கி ஒரு எடத்துல வேலை பாத்துகிட்டிருந்தார். 2021 மே மாசம் விதி மாறிச்சு, டிபெண்டன்ட் பாஸ்காரங்களும் வேலை செய்யணும்னா தனியா வொர்க் பாஸ் வேணும்னு. அவரோட லெட்டர் முடியற வரைக்கும் ஓட்டுனார், முடிஞ்சப்போ கம்பெனியால பாஸ் எடுக்க முடியல. ஒரு வருஷம் வீட்ல இருந்தார். ஒண்ணும் சொல்ல மாட்டார், காலைல நான் ஷூ மாட்டறப்ப ஜன்னல் பக்கம் திரும்பி நிப்பார். ஆஃபர் லெட்டர்ல சம்பளத்த மட்டும் பாக்காதீங்க, கூட வர்றவங்க அங்க என்ன பண்ண முடியும்னு எழுத்துல கேளுங்க, பொண்டாட்டியா இருந்தாலும் சரி புருஷனா இருந்தாலும் சரி.

திரும்பி வர்றவங்களுக்கு ரெண்டு வார்த்தை. போறப்பவே சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட்ட வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்ஆர்ஓ அக்கவுண்ட்டா மாத்தணும், பாதிப் பேரு மாத்தறதில்ல. பல வருஷம் வெளிய இருந்துட்டு வந்தீங்கன்னா ரெண்டு மூணு வருஷம் ஆர்என்ஓஆர்னு, வரிக் கணக்குல முழு ரெசிடென்ட்டா ஆகாத ஒரு நடு நிலை உண்டு, அந்தக் காலத்துல வெளிநாட்டு வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் இங்க வரி பொதுவா வராது, அதுக்குள்ள அங்க இருக்கற கணக்குகள மூடறதா வெச்சுக்கறதான்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் முழு ரெசிடென்ட் ஆனா வெளிநாட்டுச் சொத்து அத்தனையும் ரிட்டர்ன்ல காட்டணும், விட்டுட்டா 2015 கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்ச ரூபாய் அபராதம் விழலாம்.

போன வாரம் துறையூர்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, ஆர்ட்டிகிள்ஷிப் கடைசி வருஷம், கனடாவா சிங்கப்பூரான்னுதான் ஆரம்பிச்சுது. தெனமும் என்னம்மா பண்றேன்னு கேட்டேன், ரைஸ் மில் ஸ்டாக் ஆடிட், கூட்டுறவு சங்கக் கணக்கு, போன ரெண்டு மாசமா ஒரு பேங்க் பிராஞ்ச்ல கேஒய்சி ஃபைல் சரிபாக்கறதுன்னுச்சு. அந்த மூணாவத விடாதேன்னேன். நாளைக்கு பாஸ்போர்ட் அப்ளை பண்ணப் போறேன் அக்கான்னுச்சு, நில்லு, பேரு எப்படிப் போடப் போறேன்னு கேட்டேன், ஹால் டிக்கெட்ல ரெண்டு இனிஷியல், ஆதார்ல ஒண்ணுன்னுச்சு. டென்த் மார்க் ஷீட்டப் பாக்காம ஃபார்ம்ல கை வைக்காதேன்னேன். அது அப்பா பீரோல இருக்கு, ஞாயித்துக்கிழம ஊருக்குப் போய் எடுத்துட்டு வந்து உங்களுக்கு போட்டோ அனுப்பறேன் அக்கான்னு சொல்லியிருக்கு.