பிரிண்ட் மங்கலாக வருகிறதா? முதலில் கிரெய்னைப் பாருங்கள்

வணக்கம். உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி மூன்று நாளாக மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தாவின் ஸ்டூடியோ என்லார்ஜரை (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் பிரிண்ட் போடும் கருவி) பரணிலிருந்து இறக்கி, அவர் எடுத்த 35 எம்எம் நெகட்டிவ்களையே பிரிண்ட் போடுகிறாராம். பேப்பர் வைக்கும் பலகையில் படம் பளிச்சென்று இருக்கிறது. பேப்பரில் நடுப்பகுதி மட்டும் மங்குகிறது, ஓரங்கள் தெளிவு. 50 எம்எம் லென்ஸை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டாம் தம்பி. வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எதில் ஆரம்பிப்பேன் என்று. முதலில் கிரெய்ன், அதாவது ஃபிலிமில் படத்தை உருவாக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்கள். பிரிண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். முகம் மங்கலாக இருந்தும் கிரெய்ன் கூர்மையாக இருந்தால் என்லார்ஜர் மேல் குற்றமில்லை. படம் எடுத்தபோதே கேமரா அசைந்திருக்கும், இல்லை ஃபோகஸ் தவறியிருக்கும். கிரெய்னும் கலங்கியிருந்தால்தான் என்லார்ஜரில் கை வைக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் சாய்வு. கொத்தனாரின் ரசமட்டத்தைப் பலகை, நெகட்டிவைப் பிடித்திருக்கும் கேரியர், லென்ஸ் பலகை மூன்றிலும் வைத்தால் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கிரெய்ன் இரட்டையாகத் தெரிந்தால் அதிர்வு. நான் தொழில் பழகியது மதுரை மாசி வீதியில் ஒரு மாடி அறையில். சித்திரைத் தேர் வரும் நாளில் கீழே கூட்டமும் மேளமுமாக இருக்கும். அன்று போட்ட பிரிண்ட் எல்லாம் கலங்கும். தேர் தாண்டும்வரை விளக்கைத் தொடாதே என்பார் ஆசான். அன்றும் அவர் முதலில் கையில் எடுத்தது உருப்பெருக்கியைத்தான். கிரெய்ன்தான் சொல்லும்!

உங்களுக்கு நடு மட்டும் கலங்குகிறது. விளக்குச் சூட்டில் நெகட்டிவ் நடுவில் உப்பிக்கொள்கிறது. ஆறியிருந்தபோது வைத்த ஃபோகஸ், சூடானதும் பிசகிவிடுகிறது. அதனால் விளக்கை எரியவிட்டு, நெகட்டிவ் சூடாகி அடங்கியபின் ஃபோகஸ் வையுங்கள். அணைக்காமல், பேப்பரில் பதியாதபடி வெளிச்சத்தை மறிக்கும் சிவப்பு ஃபில்டரை லென்ஸுக்குக் கீழே தள்ளி, பேப்பரை வைத்து, அதிர்வு அடங்கியதும் ஃபில்டரை மெதுவாக விலக்கி எக்ஸ்போஸ் செய்யுங்கள். லென்ஸின் துவாரம் எஃப்/8 போதும். நெகட்டிவைக் கண்ணாடியால் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் கண்ணாடி கேரியர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் தூசி துடைக்கும் வேலை கூடும்.

சரி, நான் உங்களிடம் எதிர்பார்த்த கேள்வி வேறு: இந்த நெகட்டிவ்கள் இத்தனை வளைவது ஏன்? எந்த ஃபிலிமும் சூட்டில் கொஞ்சம் உப்பும். ஆனால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது வேறு சங்கதி. பழைய அசிடேட் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஃபிலிமின் அடித்தளமே சிதைந்து, சுருங்கி, வளைகிறது என்று அர்த்தம். மதுரை வெயிலில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியாதா? சூடும் ஈரமும் சேர்ந்தால் சிதைவு வேகமாகும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வழியில்லை, தாமதப்படுத்தத்தான் முடியும். வாடை அடிப்பவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். அந்த ஆவி பக்கத்து ஃபிலிமையும் கெடுக்கும். பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காகித உறையில் போட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிரிண்டோ ஸ்கேனோ, அவற்றுக்குத்தான் முதலில்.

இன்றைக்கே பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள் தம்பி. லென்ஸ் பற்றி அப்புறம் பேசலாம்.